பால்கனிக் கதவில் ஒட்டிய காகிதம்

என் மனைவி காந்திமதி இறந்தது 2003 ஜனவரி பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை. அன்று தில்லியில் நண்பகலிலும் பனிமூட்டம் விலகவில்லை. இறப்புச் சான்றிதழில் நெடுநாள் ஆஸ்துமா, மூச்சுத் திணறல் என்று எழுதியிருக்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நான் மத்திய அரசில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். அதில் கடைசிப் பதினோரு வருடம் விஜிலன்ஸ் பிரிவு. யார் மேல் யார் புகார் எழுதியிருக்கிறார்கள், அதில் எவ்வளவு உண்மை என்று விசாரிப்பதுதான் வேலை. அப்படிப்பட்டவனுக்குச் சான்றிதழோடு ஒரு விஷயம் முடிந்துவிடுவதில்லை.

எங்களுக்கு ஆர்.கே.புரத்தில் முதல் மாடிக் குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, ஒரு சமையலறை, மலை மந்திர் முருகன் கோயில் கோபுரம் தெரிகிற சின்னப் பால்கனி. நான், காந்திமதி, மகள் கவிதா, மூன்று பேர். கவிதா தில்லியில் பிறந்தவள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ் கேட்டு வளர்ந்தாலும், கோபம் வந்தால் ஹிந்திக்குப் போய்விடுவாள்.

காந்திமதிக்கு ஆஸ்துமா கல்யாணத்துக்கு முன்பே உண்டு. பாளையங்கோட்டையில் இருந்தவரை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வரும், போகும். தில்லிக் குளிர்காலம் அதைக் குடிவைத்துவிட்டது. நவம்பர் பிறந்தால் அவளால் படுத்துத் தூங்க முடியாது. சுவரில் இரண்டு தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்வாள்.

2000 அக்டோபரில் எங்கள் செக்டர் சமுதாயக் கூடத்தில் தீபாவளி மேளா போட்டிருந்தார்கள். அங்கே ஒரு கம்பெனிக்காரர் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றை வைத்து விளக்கிக்கொண்டிருந்தார். ரேடியோ அளவில் வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு ஃபேன், ஒரு வடிகட்டி, ஒரு புற ஊதா டியூப். டியூப்பின் ஒளியில் காற்றிலுள்ள கிருமியும் பூஞ்சையும் செத்துவிடும் என்றார். ஆதாரமாக இரண்டு ரொட்டித் துண்டுகளைக் காட்டினார். ஒன்றில் பச்சைப் பூஞ்சை, மற்றது பளிச்சென்று வெள்ளை. இரண்டையும் ஒரே நாளில் வாங்கினீர்களா, ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார், ரசீதைக் காட்டவில்லை.

வாங்குவதில்லை என்று முடிவு செய்து திரும்பியபோதுதான் காந்திமதி என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, இதப் போட்டா ராத்திரி படுத்துத் தூங்கலாமான்னு மட்டும் கேளுங்க."

கேட்டேன். தூங்கலாம் என்றார். வாங்கினோம்.

அந்தக் குளிர்காலமும் அடுத்த குளிர்காலமும் அவள் ஒற்றைத் தலையணையில் படுத்துத் தூங்கினாள். மெஷினாலா, டாக்டர் புதிதாகக் கொடுத்த இன்ஹேலராலா என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. ஆனாலும் நீலப் பெட்டி என்று அதற்கு வீட்டில் பெயர் வந்துவிட்டது. பெட்டியின் இடுக்கில் மெல்லிய நீல வெளிச்சம் கசியும். விடிவிளக்கு தேவைப்படவில்லை.

2002 நவம்பரில் தலையணை மறுபடி இரண்டாயிற்று.

அலுவலகத்தில் ஒரு புகார் வந்தால் முதலில் சம்பந்தப்பட்ட எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொள்வோம். வீட்டிலும் அதையே செய்தேன். கீழ் வீட்டு ருக்மிணி மாமி வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணி. வேப்ப மரத்தடியில் கரி இஸ்திரிப்பெட்டி வைத்திருக்கும் இஸ்திரிக்காரர். சருகுகளைக் குவித்துக் கொளுத்தும் துப்புரவுப் பணியாளர்கள். மார்க்கெட்டில் கடைக்குக் கடை ஓடிய ஜெனரேட்டர். ஒவ்வொன்றையும் தேதி போட்டு, அன்றைக்குக் காந்திமதிக்கு எப்படி இருந்தது என்று ஒத்துப்பார்த்தேன். சருகு கொளுத்துவதை நிறுத்தச் சொல்லி நகராட்சிக்கு எழுதி, ஒரு நகலை இஸ்திரிக்காரரிடமும் கொடுத்தேன். அவர் அதை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் என் சட்டைகளின் மேல் வைத்துத் திருப்பி அனுப்பினார்.

ருக்மிணி மாமியிடம் நேரில்தான் போனேன். மாமியின் கணவர் சேஷன் நிதி அமைச்சகத்தில் என்னைவிடப் பெரிய பதவி. அவர் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மாமிதான் பேசினாள்.

"நாப்பது வருஷமா சாம்பிராணி போட்டுண்டிருக்கேன். இவர் மூச்சு விட்டுண்டுதானே இருக்கார்? பேசறதைத்தான் விட்டுட்டார்."

சேஷன் செய்தித்தாளுக்குப் பின்னால் இருமினார். ஆனாலும் மாமி அந்த வாரத்திலிருந்து சாம்பிராணி போடவில்லை. காந்திமதிக்கு இழுப்பு குறையவும் இல்லை. மாமியின் பெயரை அடித்தேன்.

மற்றவையும் தேதிகளோடு ஒத்துவரவில்லை. மிச்சம் மெஷின். டியூப் எரிந்தாலும் வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. கம்பெனிக்கு ஃபோன் செய்தபோதும் அதையே சொன்னார்கள். வெளிச்சம் தெரிந்தாலும் கிருமியைக் கொல்லும் சக்தி குறைந்திருக்குமாம், தங்கள் டியூப்பைத்தான் போட வேண்டுமாம். எரிகிற விளக்கை மாற்றச் சொல்கிறவனையும், என்னிடம்தான் வாங்க வேண்டும் என்கிறவனையும் ஒன்பது வருடமாகக் கோப்புகளில் பார்த்துக்கொண்டிருந்தேன். டியூப்பை மாற்றுவது என்று முடிவு செய்தேன், ஆனால் அவர்களிடம் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தேன்.

சாந்தினி சௌக்கில் பகீரத் பேலஸ் என்று மின்சாமான் மொத்த வியாபாரச் சந்தை உண்டு. பழைய டியூப்பை நீளம் அளந்து, முனைகளைப் படம் வரைந்து எடுத்துப் போனேன். நாலாவது கடையில் அதே நீளம், அதே முனை கிடைத்தது. மேலே ஆங்கிலத்தில் புற ஊதா என்றும் அதே வாட் எண்ணும் அச்சிட்டிருந்தன. கடைக்காரர் இது இன்னும் தேஸ் மால் என்றார், அதிக வீரியம் உள்ள சரக்கு என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்குப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். கவிதா டார்ச் பிடித்தாள். மூடியைத் திறந்தால் விளக்கு அணைவதற்கு ஒரு சின்னப் பொத்தான் வைத்திருந்தார்கள். அதை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பிடித்து, டியூப் நன்றாக எரிகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தோம். அன்று இரவு இரண்டு பேருக்கும் கண்ணில் மணல் விழுந்ததுபோல் எரிச்சல். காலையில் சிவந்திருந்தது. பள்ளியிலிருந்து கண்வலியைக் கொண்டுவந்துவிட்டாய் என்று கவிதாவைக் கடிந்துகொண்டேன்.

புது டியூப்பிலிருந்து ஒரு வாசனை வந்தது. இடி இடித்து மழை வருவதற்கு முன் வீசுகிற காற்றின் வாசனை. அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷின் அறையிலும் அது இருக்கும். எனக்குத் திருப்தியாக இருந்தது. இத்தனை நாள் வாசனையே இல்லாத ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தோமே, இப்போதல்லவா காற்று சுத்தமாகிறது என்று நினைத்தேன்.

காந்திமதிதான் மூக்கைச் சுளித்தாள். "கரண்டு வயரு கருகுத மாதிரில்லா இருக்கு. வாங்குனப்போ இப்படி வாடை இல்லியே."

அப்போது அது வேலை செய்யவில்லை, இப்போது செய்கிறது என்றேன். நீங்கள் சொன்னால் சரிதான் என்றாள். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். படிப்பு சம்பந்தமான விஷயத்தில் என்னை மறுத்துப் பேசமாட்டாள். மற்ற விஷயங்களில் பேசுவாள், அதிகம் பேசாமல் தன் போக்கில் செய்தும் முடிப்பாள். நான் சுற்றுப்பயணம் போயிருக்கும்போது கவிதாவின் மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தை அவளே போட்டு அனுப்புவாள். எது என்னுடையது, எது அவளுடையது என்று திரும்பி வந்து பார்த்தால் எனக்கே தெரியாது. கள்ளக் கையெழுத்து பார்ப்பவன் வீட்டிலேயே இப்படியா என்று சொல்லிச் சிரிப்போம்.

டியூப் மாற்றிய இரண்டாவது வாரம், ஒரு நாள் ஜுரமென்று மூன்று மணிக்கே வீடு திரும்பினேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன். எங்கள் பால்கனியில் பிரம்பு நாற்காலியைப் போட்டு, சால்வையைத் தலையோடு போர்த்தி, காந்திமதி உட்கார்ந்திருந்தாள். எதிரே சாலையில் டீசல் லாரிகள். வானம் சாம்பல் நிறம். பத்திரிகைகள் எல்லாம் வெளியே வராதீர்கள் என்று எழுதிக்கொண்டிருந்த வாரம் அது.

குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டதுபோல் இருந்தது எனக்கு. வீட்டுக்குள் அத்தனை செலவு செய்து காற்றைச் சுத்தப்படுத்தி வைத்திருக்கிறேன், இவள் வெளியே போய்ப் புகையைக் குடித்துவிட்டு ராத்திரி இழுக்கிறாள். என்னவென்று கேட்டேன். உள்ளே இருந்தால் நெஞ்சைக் கட்டுகிறது, இங்கே கொஞ்சம் லேசாக இருக்கிறது என்றாள். வேடிக்கை பார்ப்பதற்குச் சொல்லும் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

கவிதாவைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா வெளியே உட்காருகிறாளா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவள் பள்ளி விட்டு இரண்டரைக்கு வருவாள். இல்லை என்றே தினமும் சொன்னாள். தினமும் ஒரே பதில் சொல்கிற சாட்சியை நாங்கள் நம்புவதில்லை. நாற்காலி வைத்த இடத்தில் இருக்கவில்லை என்பதையும் பார்த்தேன்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி பால்கனிக் கதவுக்குச் சீல் வைத்தேன்.

விசாரணை நடக்கும்போது அலமாரியையோ அறையையோ பூட்டி, கதவும் நிலையும் சேருமிடத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கையெழுத்தும் தேதியும் போட்டுவிடுவோம். கதவைத் திறந்தால் காகிதம் கிழியும். அதையேதான் செய்தேன். கோப்புக் குறிப்பு எழுதும் பச்சைத் தாள் ஒரு கட்டு வீட்டில் கிடந்தது. அதிலிருந்து விரல் அகலத்துக்குக் கிழித்து, கோந்து தடவி, கதவின் மேல் மூலையில் ஒட்டினேன். என் மைப் பேனாவால் சுருக்கக் கையெழுத்துப் போட்டு, கீழே தேதி எழுதினேன்.

காந்திமதி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஜெயில்ல போடுதீயளா?"

"ஒன் நல்லதுக்குத்தான்ளா."

"நல்லதுக்குத்தான். ஒங்க ஆபீஸ்ல எல்லாரையும் நல்லதுக்குத்தான் சஸ்பெண்டு பண்ணுவிய."

அவள் சமையலறைக்குள் திரும்பிப் போய்விட்டாள். ஜன்னல் இடுக்குகளையும் செய்தித்தாளால் அடைத்தேன். மெஷினைப் பகலிலும் ஓடவிட்டேன்.

மாலை ஆறரைக்கு வீடு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அந்த மூலையைத்தான் பார்ப்பேன். காகிதம் கிழியாமல் இருக்கும், என் கையெழுத்தும் இருக்கும். தினமும் இருந்தது. காந்திமதி சொன்ன சொல்லைக் கேட்கிறாள் என்பதில் ஒரு நிம்மதி. ஆனால் இரவுகளில் இழுப்பு ஏறிக்கொண்டே போயிற்று. எனக்கும் தொண்டை கரகரத்தது, காலையில் இருமல். குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். வெளிக்காற்று இல்லை, சாம்பிராணி இல்லை, புது டியூப் ஓடுகிறது. பிறகு எப்படி என்று பட்டியலை மறுபடி மறுபடி பார்த்தேன். அதில் எழுதப்படாத ஒரு பெயர் என்னுடையதுதான்.

ஜனவரி பத்தாம் தேதி இரவு அவளுக்கு உதடு நீலம் பாய்ந்தது. பனியில் ஆட்டோ கிடைக்கவில்லை. சேஷன் தன் காரை எடுத்தார், மாமி முன் ஸீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் காந்திமதி போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்ததும் மெஷின் கம்பெனிக்கு மூன்று பக்கப் புகார் எழுதினேன். போலி இயந்திரம், பொய் விளம்பரம், என் மனைவியின் உயிர். தேதிவாரியாக எழுதினேன், டியூப்பை நானே மாற்றியதை மட்டும் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று விட்டதல்ல, அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரியில் அவர்களுடைய டெக்னீஷியன் வந்தார். நாற்பது வயதிருக்கும், அமைதியான சர்தார்ஜி. ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், மெஷினை இயக்கியதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அணைத்து, மூடியைக் கழற்றி, டியூப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யே கிஸ்னே லகாயா?" என்றார். இதை யார் மாட்டியது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கவிதா பேசினாள். தெருவில் போன ஒரு ரிப்பேர் மிஸ்திரியைக் கூப்பிட்டு அம்மா மாட்டியிருப்பாள், எங்களுக்குத் தெரியாது, அப்பா டூரில் இருந்தார். சரளமான ஹிந்தியில், அவர் கண்ணைப் பார்த்து, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். டார்ச் பிடித்தவள் அவள்.

அவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். புற ஊதா டியூப்பில் இரண்டு வகை. வீட்டுக்கானதில் கண்ணாடியே ஒரு வகைக் கதிரைத் தடுத்துவிடும். மற்றதில் தடுக்காது, அந்தக் கதிர் காற்றில் ஓசோனை உண்டாக்கும். தண்ணீர்த் தொட்டிக்கும் ஆளில்லாத கிடங்குக்கும் போடுவது அது. மனிதர்கள் படுக்கும் அறையில், அதுவும் ஆஸ்துமாக்காரர்கள் இருக்கும் அறையில், கதவை அடைத்துக்கொண்டு ஓட்டவே கூடாது. அந்த மழை வாசனைதான் ஓசோன்.

அவர் நீட்டிய தாளில் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். போகும்போது அவர் அந்த டியூப்பைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனார். என்னிடம் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு டாக்டரிடம் போய் ஓசோனைப் பற்றிக் கேட்டேன். ஆஸ்துமாவுக்கு அது கெடுதல்தான் என்றார். ஆனால் அந்தக் குளிரில், அந்தப் பனியில், அதுதான் காரணம் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் சொல்ல முடியாது. எந்தப் பக்கமும் முடிக்க முடியாத கோப்புகளை அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றோடு வீட்டில் உட்கார்ந்திருந்ததில்லை.

கவிதாவும் நானும் அதைப் பற்றிப் பேசவேயில்லை. அவளுடைய மௌனத்தை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிட்டாளா, இல்லை கல்யாணமாகிப் போகும் நாளுக்குக் காத்திருக்கிறாளா என்று தெரியவில்லை. உள்ளே இருந்தால் நெஞ்சைக் கட்டுகிறது என்று காந்திமதி சொன்ன வாக்கியம் மட்டும் தினமும் ஒருமுறை வந்து போகும். வாக்குமூலம் என்றால் அதைவிடத் தெளிவாக யார் கொடுக்க முடியும்? அதை அவளுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டு கதவுக்குச் சீல் வைத்தேன். முப்பத்து மூன்று நாள் அந்த அறைக்குள் அவளை அடைத்து வைத்தேன்.

2004 மே மாதம் ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாளன்று, சுவரில் ஒட்டியிருந்தவற்றையெல்லாம் பேனாக்கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். பால்கனிக் கதவின் மேல் மூலையில் அந்தக் காகிதம் இருந்தது. காந்திமதியின் உடலைக் கொண்டுவந்த அன்று யாரோ கதவைத் திறந்தபோது கிழிந்திருக்கிறது. பாதி கதவில், பாதி நிலையில். ஒன்றரை வருடமாக அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஸ்டூலில் ஏறி, கதவைச் சாத்தி, இரண்டு பாதியையும் பொருத்திப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது. தேதி ஒன்பது பன்னிரண்டு. ஆனால் மை நீலம், கவிதா பரீட்சைக்கு எழுதும் ஜெல் பேனாவின் பளிச்சென்ற நீலம். என் பேனாவில் நான் கருநீல மை தவிர வேறு ஊற்றியதில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். காகிதத்தின் ஓரத்தில் கோந்து இல்லை. காய்ந்துபோன வெள்ளைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் தொட்டால் உதிர்ந்தது. சோற்றுப் பருக்கை.

தரையில் உட்கார்ந்து கவிதா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டூலிலிருந்து இறங்காமலேயே கேட்டேன்.

"அம்மா வெளிய போய் உக்காந்தாளா?"

அவள் தலை நிமிரவில்லை. கரண்டிகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"ரோஜ், பா. தினம். நீங்க பஸ் ஏறினதும் கிழிச்சுடுவா. நீங்க வர்றதுக்கு முன்னாடி புதுசு ஒட்டுவா. நான் சோறு பிசைஞ்சு குடுப்பேன். ஸைன் அம்மாதான் போடுவா. தேதி மட்டும் மாத்தக்கூடாதுன்னு ஞாபகமா சொல்லுவா."

"மெஷின்?"

"பகல்ல ஆஃப்."

இரவில் ஓடியது. இரவில் நான் வீட்டில் இருந்தேன்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இதே முகத்தோடுதான் டெக்னீஷியனிடம், அப்பா டூரில் இருந்தார் என்று சொன்னாள். ஒருமுறை எனக்காகப் பொய் சொன்ன சாட்சி, எனக்காக மறுபடி சொல்ல மாட்டாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? என் மனம் ஆறட்டும் என்று, ஒரே ஒரு நாள் நடந்ததைத் தினமும் என்று சொல்கிறாளோ என்று தோன்றியது. அதைச் சரிபார்க்க வழி என் கண்ணெதிரே இருந்தது. கதவின் பெயின்ட் மேல், காகிதத்துக்கு அடியில், பழைய பசையும் கிழிந்த பச்சைத் துணுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்திருந்தன. ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு, கத்தி முனையால் அடுக்கு அடுக்காகப் பிரித்தால் எத்தனை நாள் என்று எண்ணிவிடலாம். அலுவலகத்தில் அப்படித்தான் செய்திருப்பேன்.

கத்தி கையில் இருந்தது. அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

கவிதா பால்கனிக்குப் போய், அங்கே கிடந்த பிரம்பு நாற்காலியை உள்ளே எடுத்து வந்தாள். வெயிலில் நிறம் போய், ஒரு கை உடைந்திருந்தது.

"இதையும் லாரியில ஏத்தணுமா பா?"

ஏற்றச் சொன்னேன்.